எந்த வண்டியில வந்த?

ஊருக்குப் போய்விட்டு விடுதி வாசலில் பெட்டியோடு வந்து நிற்கும் எந்தப் பெண்ணையும் எங்கள் வார்டனம்மா "வா" என்று அழைத்ததில்லை. "எந்த வண்டியில வந்த?" என்றுதான் கேட்பார். பதில் சொன்ன பிறகுதான் இரும்புக் கதவின் பூட்டு திறக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தேனியில் ஆசிரியைப் பயிற்சிக்குப் படித்த இரண்டு வருடமும் நான் அவருடைய விடுதியில் இருந்தேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், யாரைக் கேட்டு எழுதினாய் என்று அவர் எங்கிருந்தாவது கேட்டுவிடுவார் என்ற பயம் இந்த வயதிலும் போகவில்லை.

தேனி கடைவீதியில் துணி வியாபாரம் செய்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும். உயரம் குறைவு, நடையில் வேகம். வெள்ளைச் சேலை, முழங்கை வரை ரவிக்கை, இடது மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். அதற்கு அவர் சாவி கொடுக்கும்போது யாரும் பேசக் கூடாது.

அவர் அறையில் ஒரு வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ரயில்வே கால அட்டவணைப் புத்தகங்கள், பல வருடத்து அட்டவணைகள், பழுப்புத் தாளில் அட்டை போட்டு, முதுகில் வருடம் எழுதி அடுக்கியிருந்தன. புதுப் புத்தகம் வந்த அன்று பழையதையும் புதியதையும் அருகருகே விரித்து வைத்து, மாறிய நேரங்களைச் சிவப்புப் பென்சிலால் கோடிடுவார். பழையது எதற்கு என்று ஒருத்தி ஒருமுறை கேட்டுவிட்டாள்.

"பழசு கையில இருந்தாத்தான் புதுசு எதை மறைக்குதுன்னு தெரியும்" என்றார்.

மதுரைக்கும் போடிக்கும் நடுவில் அப்போது ஓடியவை விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகள்தாம். அந்தச் சிறிய பாதையில் ஓடும் கரி வண்டிகளுக்கு அட்டவணையில் அரைப் பக்கம்கூட வராது. ஆனால் வார்டனம்மா அந்த அரைப் பக்கத்தோடு நிற்க மாட்டார். மானாமதுரை, விருதுநகர், திருநெல்வேலி என்று எல்லா இணைப்பு வண்டிகளும் அவருக்குப் பாடம். சபைக்குப் புதிதாக வந்த போதகர், "நெல்லையிலிருந்து நேற்று மாலை புறப்பட்டு இன்று காலை வந்து சேர்ந்தேன்" என்று பிரசங்கத்தை ஆரம்பித்தபோது, வார்டனம்மா பாட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில் பென்சிலால் கணக்குப் போட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கணக்கு சரியாக வந்திருக்க வேண்டும். பிறகுதான் புத்தகத்தை மூடிவிட்டுப் பிரசங்கத்தைக் கேட்டார்.

பஸ்ஸில் வந்ததாகச் சொல்லும் பெண்கள் மீது அவருக்குக் கூடுதல் சந்தேகம். "பஸ்ஸுக்கு அச்சடிச்ச புஸ்தகம் இல்ல. அதனால பஸ்ஸுல வந்தேங்கிறவள நான் பாதிதான் நம்புவேன்" என்பார்.

நான் அவரிடம் மாட்டியது முதல் பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பியபோது. என் ஊர் உசிலம்பட்டிக்குப் பக்கம். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் காய்கறி ஏற்றத் தேனி மார்க்கெட்டுக்குக் காலி லாரி ஓட்டி வந்தார். அவர் மனைவியும் கூட வந்ததால் அப்பா என்னையும் அதில் ஏற்றிவிட்டார். லாரியில் வந்தேன் என்று சொன்னால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார் என்று கூடப் படிக்கும் பெண்கள் பயமுறுத்தியிருந்தார்கள்.

"எந்த வண்டியில வந்த?"

"காலை வண்டியிலம்மா."

"லேட்டா?"

"இல்லம்மா, சரியா வந்துருச்சு."

வார்டனம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆத்தா, அந்த வண்டி சரியான நேரத்துக்கு வந்ததை இந்த ஊரு இன்னும் பாத்ததில்ல. இப்பச் சொல்லு, எதுல வந்த?"

அழுதுகொண்டே லாரி என்று சொன்னேன். ஓட்டியவர் யார், அவர் மனைவி பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். "ஒத்துக்கிட்டேல்ல, போ" என்றார்.

அதோடு அவர் என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டார். அடுத்த முறை நான் வந்து நின்றபோது வாய் திறக்கவில்லை. பூட்டு தானாகத் திறந்தது. அதற்கடுத்த முறையும் அப்படியே. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளையும் பின்னால் நின்றவளையும் கேட்பார், என்னைக் கேட்க மாட்டார். மற்ற பெண்களுக்குப் பொறாமை. எனக்கோ அது ஒரு வசதியாகப் போய்விட்டது. கேட்கப்படாதவளுக்கு எவ்வளவு சுதந்திரம் என்று மெல்லக் கற்றுக்கொண்டேன்.

அவருடைய சந்தேகம் எங்களைக் காப்பாற்றிய நாளும் உண்டு. ஒருநாள் மத்தியானம் மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு ஆள் வந்தான். கம்பத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, அவளுக்குத் தாய்மாமன் என்றும், அவள் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, கையோடு அழைத்துப் போக வேண்டும் என்றும் சொன்னான். எங்களுக்கே மனம் பதறியது. வார்டனம்மா பதறவில்லை.

"எந்த வண்டியில வந்தீக?"

"காலையில கம்பத்துல ரயிலேறி நேரா இங்கனதாம்மா வாரேன்."

"கம்பத்துக்கு ரயிலு எப்பய்யா விட்டாக?"

அந்த ஆளுக்கு வேர்த்துவிட்டது. போடியோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. கம்பத்துக்காரர்கள் ரயில் பார்க்கவே போடிக்கோ தேனிக்கோ வர வேண்டும் என்பது பள்ளத்தாக்கில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவன் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனவன் திரும்பவில்லை. அந்தப் பெண் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள். ஊரில் ஒரு வருடமாகத் தன் பின்னால் சுற்றுகிறவன் அவன் என்று பிறகு சொன்னாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது எல்லாரும் வார்டனம்மாவை வேறு கண்ணால் பார்த்தோம். அவர் மட்டும், "சாம்பார்ல உப்பு கம்மின்னு சொன்னது யாரு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

ராமுத்தாய்க்கு நடந்தது இரண்டாவது வருடத்தில்.

ராமுத்தாய் என் அறைத் தோழி. மயிலாடும்பாறைக்காரி. அவள் ஊரிலிருந்து பயிற்சிப் பள்ளிக்கு வந்த முதல் பெண். கணக்கில் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டி. பேச்சு மட்டும் குறைவு. ஒரு கேள்விக்கு ஒரு பதில், அவ்வளவுதான்.

அந்த வருடம் நிலக்கரித் தட்டுப்பாடு. வண்டிகளைத் திடீர் திடீரென்று நிறுத்தினார்கள், திடீரென்று விட்டார்கள். அச்சடித்த அட்டவணைக்கு அர்த்தமில்லாமல் போனது. வார்டனம்மாவுக்குக் கையொடிந்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே ஸ்டேஷனுக்குப் போய், கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதியிருப்பதைத் தாளில் எழுதி வந்து சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டுவார். மூன்று வாரமாக அந்தத் தாளில் ஒரே செய்தி: மதுரையிலிருந்து வரும் மாலை வண்டி மறு அறிவிப்பு வரை இல்லை.

நான்காவது ஞாயிறும் அதையே எழுதி ஒட்டினார். காலாண்டு விடுமுறை முடியும் நாள் அது. மாலை ஆறரைக்குள் எல்லாரும் வந்துவிட வேண்டும். நான் முதல் நாளே வந்துவிட்டிருந்தேன். மத்தியானம் வார்டனம்மாவிடம் போய், ஆஸ்பத்திரியில் என் சித்தி பிரசவத்துக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னேன்.

"போயிட்டு வா" என்றார். எந்த வார்டு என்றுகூடக் கேட்கவில்லை.

எனக்குத் தேனியில் சித்தியே கிடையாது. போனது சினிமாவுக்கு.

படம் விட்டு அவசரமாக வந்தபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. இந்த நேரத்தில் எதற்கு மூடுகிறார்கள் என்று எல்லாருக்கும் ஆச்சரியம். மாட்டு வண்டிக்காரர் ஒருவர், "ஏலே, சாயங்கால வண்டிய மறுக்கா விட்டுட்டாகடா" என்று சத்தம் போட்டார். புகையைக் கக்கிக்கொண்டு வண்டி வந்தது. கேட்டருகே மெதுவாகி, ஜன்னல் ஜன்னலாக என் முன்னால் நகர்ந்து ஸ்டேஷன் பக்கம் போனது. கேட்டைத் திறந்ததும் ஓட ஆரம்பித்தேன். விடுதி ஸ்டேஷனிலிருந்து ஒரு மைலுக்கு மேல், பெரியகுளம் சாலையில். ஆறரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்துவிட்டேன்.

ராமுத்தாய் தலையில் டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தபோது ஆறு ஐம்பது.

"எந்த வண்டியில வந்த?"

"சாயங்கால வண்டியிலம்மா. ஊர்லேருந்து வந்த பஸ்ஸு வழியில நிண்டு போச்சு. ஆண்டிபட்டி வந்து சேரும்போது தேனி பஸ்ஸு போயிருச்சு. ஸ்டேஷன்ல வண்டி நிண்டுச்சு, ஏறிட்டேன்."

வார்டனம்மா தாளைக் கையால் காட்டினார். "மூணு வாரமா அந்த வண்டி ஓடல."

"இன்னைக்கு ஓடுச்சும்மா."

"காலையில நானே எங்கண்ணால போர்டைப் பாத்துட்டு வந்தேன். ஓடாத வண்டியில எப்படிடி வந்த?"

"ஓடுன வண்டியிலதாம்மா வந்தேன். ஸ்டேஷன்ல கேட்டுப் பாருங்க."

"சீட்டு?"

"வெளிய வரும்போது வாங்கிட்டாக."

சுற்றி இருபது பெண்கள் நின்றோம். ராமுத்தாயின் பார்வை ஒருமுறை எல்லார் மேலும் போய் என்னிடம் ஒரு கணம் நின்று விலகியது. அறைத் தோழி என்பதால் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் வாய் திறந்திருந்தால் போதும். ஆனால் 'வண்டியை ரயில்வே கேட்டில் பார்த்தேன்' என்று சொன்னால், ஆஸ்பத்திரிக்குப் போனவள் கேட்டுக்கு ஏன் போனாள் என்று அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பிக் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. தன் கண்ணால் பார்த்ததையே விசாரிக்கச் சொல்கிறாளே என்ற கோபம். 'இல்லாத ரயிலில் வந்ததாகச் சொல்லி உங்கள் மகள் இரவு ஏழு மணிக்கு வந்தாள். எங்கே இருந்தாள், யாரோடு இருந்தாள் என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்' என்று ராமுத்தாயின் அப்பாவுக்குத் திங்கட்கிழமைத் தபாலில் கடிதம் போய்விட்டது.

வியாழக்கிழமை அவள் அப்பா வந்தார். வெளுத்த வேட்டி, கையில் துண்டு. வாசலுக்கு வெளியேயே நின்றார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் குரல் உயரவே இல்லை.

"தாயி, எங்க வீட்டுல எழுத்துத் தெரிஞ்சவ இவ ஒருத்திதான். அவ இங்கன இருக்கா. கடுதாசியத் தபால்காரருதான் பிரிச்சுப் படிச்சாக. டீக்கடையில வச்சு."

"டீக்கடையிலயா?" வார்டனம்மாவின் கை கதவுக் கம்பியைப் பிடித்தது. "கவர்ல ஒட்டித்தான போட்டேன்?"

"எப்பவும் அங்கன வச்சுத்தான் படிப்பாக. நல்ல சேதியாத்தான் இருக்கும்னு நாந்தான் சத்தமாப் படிக்கச் சொன்னேன். ஊரே கேட்டுச்சு." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "எம்புள்ள பொய் சொல்ல மாட்டா. அது எனக்குத் தெரியும். ஆனா ஊருக்குத் தெரியணும்ல? அவ மாமன் வீட்டுல பேசியிருக்கு. கூட்டிட்டுப் போறேன்."

ராமுத்தாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். அழவில்லை. கணக்கு நோட்டுகளை மட்டும் என் கட்டிலில் வைத்துவிட்டு, "நீ வச்சுக்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல வார்டனம்மா ஸ்டேஷனுக்குப் போனார். மற்ற நாளில் வெயிலில் குடை விரிக்காமல் அவர் நடந்ததில்லை. அன்று குடையைக் கக்கத்தில் இடுக்கியபடி, நடு வெயிலில், மிக மெதுவாகத் திரும்பி வந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரையும் கூப்பிட்டார்.

"போன ஞாயித்துக்கிழமை மத்தியானமே தந்தி வந்து அந்த வண்டிய விட்டிருக்காக. போர்டை அதுக்குப் பொறவுதான் அழிச்சிருக்காக. அந்தப் புள்ள அதுலதான் வந்திருக்கா. ஓடுன வண்டிய ஓடலேன்னு சொன்னவ நான்."

"அந்த வண்டி ஓடுனது உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

என் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி. நாளைக்கு மயிலாடும்பாறைக்குப் போறேன். அவ வீடு தெரிஞ்சவ யாரு?"

மாசி மாதக் குலசாமி கும்பிடுக்கு ராமுத்தாய் வீட்டுக்கு நான் ஒருமுறை போயிருந்தேன். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

ஆண்டிபட்டி வரை ஒரு பஸ். அங்கிருந்து இன்னொன்று. வழியெல்லாம் இலவ மரங்கள். கண்டமனூர் தாண்டியதும் வார்டனம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

"யுத்த காலத்துல இந்தப் போடி லைனையே பேத்து எடுத்துட்டுப் போனாக, தெரியுமா? எங்கம்மாவுக்கு அப்ப முடியல. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். எங்கய்யா கடைவீதியில விசாரிச்சாக. நாளைக்கும் வண்டி உண்டுன்னு ஒருத்தர் சொல்லியிருக்காக. அவரு நல்லவருதான், தெரியாமத்தான் சொன்னாக. மறுநாள் அம்மாவக் கட்டிலோட தூக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனா வண்டி இல்ல. முந்தின நாளே கடைசி வண்டி போயிருச்சு. மாட்டு வண்டி கட்டிக் கிளம்புனோம். அம்மா உசிலம்பட்டி தாண்டல."

பிறகு, "அன்னையிலேருந்து வாய்ச் சொல்ல நம்புறதில்ல. எழுத்துல இருக்கணும்" என்றார். சற்றுப் பொறுத்து, "போர்டுல எழுத்துலதான் இருந்துச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இதைக் கேட்ட பிறகு என் விஷயத்தைச் சொல்ல எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

மயிலாடும்பாறையில் இறங்கியதும் ராமுத்தாய் வீட்டுக்கு வழி காட்டப் போனேன். அவர் வரவில்லை. "டீக்கடை எது?" என்று கேட்டார். உள்ளே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அந்தக் கடைக்குள் ஒரு பெண் வந்து உட்கார்ந்ததே அந்த ஊருக்குச் செய்தி. கூட்டம் சேர்ந்தது. தபால்காரர் வரும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தார். அவர் வந்ததும் எழுந்து பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"போன வாரம் என் கடுதாசிய நீங்கதான படிச்சீக? இதையும் படிங்க. அன்னைக்குப் படிச்ச அதே சத்தத்துல."

தபால்காரர் தயங்கினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். 'உங்கள் மகள் சொன்ன ரயில் அன்று ஓடியது. அவள் அதில்தான் வந்தாள். நான் ஸ்டேஷனில் விசாரிக்காமல் எழுதினேன். பொய் எழுதியது நான். பழி என்னைச் சேர்ந்தது.' கீழே கையெழுத்து.

கூட்டத்தில் ஒரு பெரியவர், "அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்த வம்பு இல்லையேம்மா" என்றார்.

"கேட்டிருக்கணும்யா. கேக்கல" என்றார் வார்டனம்மா.

பிறகுதான் வீட்டுக்குப் போனோம். ராமுத்தாயின் அப்பாவுக்கு அதற்குள் சேதி எட்டியிருந்தது. கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மாமன் வீட்டில் இன்னும் தட்டு மாற்றவில்லை, பேச்சோடுதான் நிற்கிறது என்றார். "இனி நான் தடுக்கல தாயி. புள்ள இஷ்டம்."

ராமுத்தாய் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். "வாரேம்மா. ஆனா இனிமே எந்த வண்டியில வந்தேன்னு எங்கிட்டக் கேக்கக் கூடாது."

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். வார்டனம்மா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"கேக்காம இருக்க எனக்கு வராது ஆத்தா. கேப்பேன். ஆனா நீ சொன்னதுக்கப்புறம் ஸ்டேஷனுக்குப் போய் விசாரிச்சுட்டுத்தான் மறுவார்த்தை பேசுவேன். அதுக்கு வேணா சத்தியம் பண்றேன்."

ராமுத்தாய் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். இரண்டு நாளில் வருவதாகச் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் நான் சொல்லிவிட்டேன். சினிமா, கேட், வண்டி, எல்லாம். அவர் ஏசவில்லை. ஆண்டிபட்டியில் இறங்கும்போது கேட்டார்.

"அப்ப ஆஸ்பத்திரியில சித்தி?"

"இல்லம்மா."

"அத்தன பேரையும் கேட்டேன். உன்ன ஒருத்தியத்தான் கேக்கல."

அடுத்த பஸ்ஸுக்காக நின்றபோது மறுபடி சொன்னார். "எங்கிட்டச் சொன்னதுல உன் மனசு லேசாகும். அவளுக்கு என்ன லாபம்? அவகிட்டச் சொல்லு."

ராமுத்தாய் வந்த மறுநாள் துணி துவைக்கும் கல்லடியில் சொன்னேன். அவள் சோப்புப் போடுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கேட்டுல பச்சைத் தாவணியில நீ நிண்டத ஜன்னல்லேருந்து பாத்தேன். கைகூட ஆட்டுனேன். நீ பாக்கல."

"அன்னைக்கே எம்பேரச் சொல்லியிருக்கலாம்லடி? சாட்சிக்கு நான் இருந்தேன்ல?"

"நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன்." துணியை முறுக்கிப் பிழிந்தாள். "நான் சொன்னா உங்கப்பாவுக்கும் ஒரு கடுதாசி போகுமே. எதுக்கு?"

இதை வார்டனம்மாவிடம் சொன்னேன். அவர் சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தார். "நீ போ" என்றார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் அங்கே இருந்தேன். சந்தேகம் அவரை விட்டுப் போய்விட்டது என்று யாராவது நினைத்தால் தவறு. முன்னால் மனிதர்களை மட்டும் சந்தேகப்பட்டவர் இப்போது கரும்பலகையையும் சேர்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை ஸ்டேஷனுக்கு நடந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் அவரைத் தூரத்தில் கண்டாலே அறைக்குள் போய்விடுவதாகக் காவல்காரர் சொல்வார். ராமுத்தாயிடம் கேட்டார்; சத்தியம் செய்தபடி விசாரித்தார். என்னிடமும் கேட்டார். ஒவ்வொரு முறையும், கடைக்குப் போய் வந்தாலும். எனக்கு முன்னால் நின்றவளைக் கேட்ட அதே குரலில். கதவு திறக்கும்வரை நான் நின்ற நேரம் சில நிமிடங்கள்தாம். அந்த நிமிடங்களில் நான் இழந்தது என்னவென்று எனக்குத் தெரிந்தது.

பரீட்சை முடிந்து ஊருக்குக் கிளம்பிய நாள். காலை வண்டியில் போகிறேன் என்று முன்னமே சொல்லியிருந்தேன். ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோது வார்டனம்மா பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். எந்தப் பெண்ணையும் அவர் ஸ்டேஷன் வரை வந்து அனுப்பியதாக அதுவரை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. வண்டி வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் வெளியே நின்றார்.

ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"சீட்டக் காமி" என்றார்.

கொடுத்தேன். அந்தச் சின்ன அட்டையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்த் தேதியைப் பார்த்தார், ஊர்ப் பெயரைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். வண்டி நகர்ந்தது. வளைவு வரை எட்டிப் பார்த்தேன். அதே இடத்தில் நின்றிருந்தார்.

வழியனுப்ப வந்தாரா, சொன்ன வண்டியில்தான் போகிறேனா என்று பார்க்க வந்தாரா? ஊர் வந்து சேரும்வரை அதே கேள்வி. மனம் கசந்துதான் இறங்கினேன். ராமுத்தாய்க்கு எழுதிய முதல் கடிதத்தில் அதைத்தான் எழுதினேன், கடைசி நாளில்கூட அந்தம்மா என்னை நம்பவில்லை என்று.

இரண்டு வாரம் கழித்து அவளிடமிருந்து பதில் வந்தது. மறுநாள் அவள் கிளம்பியபோதும் வார்டனம்மா ஸ்டேஷனுக்கு வந்தாராம். அவளிடமும் சீட்டை வாங்கிப் பார்த்தாராம். 'எழுத்தைப் படிக்க முடியாதபடி அவர் கை நடுங்கியது. சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். உன்னிடமும் அப்படித்தானே?' என்று கேட்டிருந்தாள்.

நான் அவர் கையைப் பார்க்கவில்லை. முகத்தில் சந்தேகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.